லாரியில் வந்த பன்னிரண்டு கன்றுகள்

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது நாற்றம்தான். இரண்டு நாள் மூத்திரமும் சாணியும் வெயிலில் வெந்து, பனியில் ஊறிய நாற்றம். மாட்டு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எனக்கே ஒரு எட்டு பின்னால் வைக்கத் தோன்றியது.

உள்ளே பன்னிரண்டு எருமைக் கிடாக்கன்றுகள். ஒன்றின் முதுகில் இன்னொன்றின் தாடை. கதவு திறந்தாகிவிட்டது, எதிரே பச்சை வயல், காற்று வருகிறது. ஒன்றுகூட அசையவில்லை.

"எறங்குங்கப்பா, வீடு வந்திருச்சு" என்றாள் கன்றுகளை வாங்கிய ஈஸ்வரி. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற குரல்.

எங்கள் பக்கம் மாடு இறக்க மேடையெல்லாம் கிடையாது. வாய்க்கால் கரையில் லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்துவார்கள். கரையின் உயரமும் லாரிப் பலகையின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஏறக்குறையதான். நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. முதல் கன்று அதில் கால் மாட்டி, முழங்கால் குத்தி விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை. ஈஸ்வரியின் கணவர் மொக்கராசும் லாரி டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

"வழியில எங்கயாச்சும் எறக்குனீங்களா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"எறக்குனா மறுபடி ஏத்துறது யாரு சார்? நான் ஒத்தை ஆளு. ஒரு தடவை தண்ணி காமிச்சேன். மோந்து பாத்துட்டு விட்டுருச்சுங்க."

பொய் சொல்லாத மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நான் கோபப்பட்டிருக்க வேண்டிய ஆள் வேறு ஒருவன். அவன் பக்கத்தில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். நான்தான்.

ஒரு வாசகரின் கேள்வி

போடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "இத்தனை வாரமாகக் கன்று திரும்பியது, பசு எழுந்தது, நாய் பிழைத்தது என்றே எழுதுகிறீர்களே, உங்கள் கையில் எதுவும் சாகவே இல்லையா?"

செத்தது ஐயா. நிறையச் செத்தது. இப்படி உட்கார்ந்து எழுதுகிறபோது கை தானாகவே நல்ல கதைப் பக்கம் போய்விடுகிறது. சொந்தக் கதை எழுதுகிற எல்லாருக்கும் உள்ள வியாதி இது. இந்த வாரம் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு நான்கைந்து வருடம் முந்தைய சங்கதி. மார்கழி பிறந்திருந்தது. கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டர். அந்த ஊர்க்காரிதான் ஈஸ்வரி.

போத்து

எருமைக் கிடாக்கன்றை மலையாளத்தில் போத்து என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நல்ல கிராக்கி. இறைச்சிக்குத்தான். அந்தச் சொல் மலையிறங்கி எங்கள் பக்கமும் வந்துவிட்டது. வெளி மாநிலச் சந்தைகளில் சின்னக் கன்றாக வாங்கி, லாரியில் கொண்டுவந்து, எட்டுப் பத்து மாதம் வைக்கோலும் வாழைமட்டையும் தவிடும் போட்டுக் கொழுக்க வைத்து, கேரளத்து வியாபாரிக்குக் கொடுப்பது. "போத்து வளக்கிறேன்" என்று சொன்னால் கம்பத்தில் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

ஈஸ்வரி அதுவரை ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்து நிற்கும். ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் பதினைந்து பதினாறு பெண்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி, பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இரண்டு பேர். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, எல்லை தாண்டி, தோட்டம் போய்ச் சேர இரண்டு மணி நேரம். சாயங்காலம் அதே பாடு திரும்பி.

ஒரு மழைநாளில் அந்த ஜீப் வளைவில் கவிழ்ந்தது. ஈஸ்வரிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய சிநேகிதி அங்கேயே போய்விட்டாள். தோள் கூடியதும் ஈஸ்வரி மறுபடி அதே ஜீப்பில் ஏறினாள். வேறு வழி இல்லை. ஆனால் ஏறுகிற ஒவ்வொரு நாளும் குலை நடுங்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஜீப்புல ஏறக்கூடாது. இந்தக் கன்னுக மட்டும் நல்லா வந்துட்டா நான் ஏற வேண்டாம்ல சார்?"

"வரும். நல்லா வரும்" என்றேன். காதில் இருந்த தோடும், பதினோரு வருடம் ஜீப்பில் போய் வந்து சேர்த்ததும்தான் அந்தப் பன்னிரண்டு கன்றுகள். வாங்குவதற்கு முன்னால் கொட்டகை எப்படிப் போட வேண்டும், தரை எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தாள். என் வேலைக்காலத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்த விவசாயிகளை ஒரு கை விரல்களில் எண்ணலாம். அவள் அதில் ஒருத்தி.

சாவடியில் நின்ற காலம்

லாரிப் பயணம் மாட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாமல் செய்திருந்தால் இந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலைப்பாதைக்குக் கீழே ஒரு சோதனைச் சாவடியில் என்னைப் போட்டிருந்தார்கள். டயரில் கால் வைத்து ஏறி, பலகை இடுக்கில் எட்டிப்பார்த்து, காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற வேலை. எட்டிப்பார்த்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஓடுகிற லாரியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றவை அதை மிதித்துவிடும். அதனால் படுக்கவிடாமல் இருக்கக் கண்ணில் மிளகாயைத் தேய்த்துவிடுகிற ஆட்கள் இருந்தார்கள். சிவந்து நீர் வடியும் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு வந்து ஒரு காலத்தில் நானும் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

மாடு லாரியில் சும்மா நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் நான்கு காலையும் ஊன்றி ஊன்றி நிற்கிறது. தண்ணீர் இல்லை, தீனி இல்லை, அசைபோடவும் முடியாது. பயம் வேறு. நாலைந்து சந்தையில் வாங்கிய கன்றுகளை ஒன்றாக ஏற்றுவதால் பக்கத்தில் நிற்பது யாரென்றும் தெரியாது. உடம்பு உயிரைப் பிடித்துக்கொள்வதற்காகத் தன் சதையையே எடுத்துச் செலவு செய்யும். ஏற்றும்போது இருந்த எடை இறக்கும்போது இருக்காது. வெறும் வயிறு காலியான எடை என்றால் நாலு நாளில் திரும்பிவிடும். சதை கரைந்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும்.

அதைவிட மோசம், நோயைத் தடுக்கிற சக்தி அந்த நாட்களில் படுத்துவிடும். மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாக இருந்த கிருமி, காவல் இல்லாத வீடு என்று நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் லாரியில் வந்த கன்றுக்கு முதல் வாரம் வேண்டியது மூன்றுதான். வெல்லமும் உப்பும் போட்ட தண்ணீர், காய்ந்த வைக்கோல், தொந்தரவு இல்லாத ஓய்வு. தடுப்பூசி போடுவதென்றால் ஏற்றுவதற்குச் சில வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்து, தேறி, நன்றாகத் தின்ன ஆரம்பித்த பிறகு போட வேண்டும்.

கூட்டம் கூட்டமாக விவசாயிகளை உட்கார வைத்து மைக் பிடித்து நானே பேசிய பேச்சு இது.

பொங்கலும் ஊசியும்

சரி, வாய்க்கால் கரைக்கு வருவோம். கன்றுகள் ஒருவழியாக இறங்கிக் கொட்டகைக்கு வந்தன. நடை என்று சொல்ல முடியாது. காலை மாற்றி மாற்றி வைத்தன, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டுக்குப் புதிதாக மாடு வந்தால் தலையோடு தண்ணீர் ஊற்றி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஆலாத்தி சுற்றி, பொங்கல் வைத்து வயிறு நிறைய ஊட்டுவார்கள். வந்த அன்று பசியோடு படுத்தால் அந்த வீடு மாட்டுக்கு ஒட்டாது என்பார்கள். ஈஸ்வரி குடம் குடமாக வாய்க்கால் தண்ணீரை ஊற்றினாள். சாணி கரைந்து ஓடியது. மார்கழிச் சாயங்காலம், மலையிலிருந்து காற்று இறங்குகிற நேரம். கன்றுகளின் தோல் சிலுசிலுவென்று நடுங்கியது. பிறகு வெல்லப் பொங்கலை உருட்டி உருட்டி ஊட்டினாள். நாலைந்து தின்றன. மற்றவை வாயில் வைத்துக்கொண்டு நின்றன.

நான் அங்கேயேதான் இருந்தேன். எனக்கும் வாழையிலையில் பொங்கல் வந்தது. முந்திரிப்பருப்பு தாராளமாகப் போட்டிருந்தாள். "தண்ணி ஊத்தாதம்மா, அரிசி நெறையக் குடுக்காத" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தோஷமாக இருக்கிறாளே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் புத்தி முழுக்க ஐஸ் பெட்டியில் இருந்தது.

அன்று காலை பக்கத்து ஊரில் தடுப்பூசி முகாம். தொண்டை அடைப்பான் ஊசி. எதிர்பார்த்த மாடுகள் வரவில்லை. கடைசியாகத் திறந்த குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம். திறந்த குப்பியை அன்றே முடித்தாக வேண்டும், மறுநாளுக்கு ஆகாது. வீணானால் ஏன் வீணானது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு அதிகாரி இருந்தார். வீணான மருந்துக்கு அவர் கேட்கிற கேள்வி செத்த மாட்டுக்குக் கேட்கிற கேள்வியைவிட நீளமாக இருக்கும். பன்னிரண்டு கன்றுகள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டு ஊசி கணக்கில் ஏறிவிடும்.

சிரிஞ்சை எடுத்தேன்.

ஈஸ்வரி பக்கத்தில் வந்தாள். "சார், இன்னைக்கே போடணுமா?"

"ஏன்?"

"அசந்து போயி நிக்குதுக சார். நான் ஜீப்புல போயிட்டு வந்தாலே அன்னைக்குச் சோறு எறங்காது, மேலு கால் எல்லாம் அத்துப் போகும். இதுக ரெண்டு நாளு நின்னுக்கிட்டே வந்திருக்குக. ஒரு வாரம் கழிச்சுப் போட்டா என்னங்க சார்?"

இதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் சொல்லியிருக்காது. நான் சிரித்தேன். "ஏம்மா, டாக்டர் நீயா நானா?"

மொக்கராசு முந்திக்கொண்டார். "ஏய், அவுக படிச்சவுக. போடட்டும் விடு."

அவள் ஒதுங்கிக்கொண்டாள். பன்னிரண்டு ஊசியையும் போட்டேன். ஒரு கன்றுகூடத் துள்ளவில்லை. மாட்டுக்கு ஊசி குத்தினால் எட்டி உதைக்க வேண்டும். உதைக்காத மாடு நல்ல மாடு இல்லை, தீர்ந்துபோன மாடு. அதுவும் எனக்குத் தெரியும்.

"ஊசிக் காய்ச்சல்தான்"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. "சார், அஞ்சாறு கன்னு திங்க மாட்டேங்குது. மேலெல்லாம் சுடுது."

"அது ஊசிக் காய்ச்சல்தான். தடுப்பூசி போட்டா ஒருநாள் ரெண்டுநாள் இருக்கும். தானா எறங்கிரும். பயப்படாத."

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசிக்குக் காய்ச்சல் வருவது உண்மை. லாரிக் களைப்பில் நுரையீரலில் சளி பிடித்தாலும் முதலில் வருவது அதே காய்ச்சல்தான். எது எது என்று போனில் தெரியாது. நேரில் போய் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஓய்வாக விட்டிருந்த கன்றுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் நான் ஓடிப்போயிருப்பேன். நானே ஊசியைப் போட்டதால் காய்ச்சலுக்குக் காரணம் என் கையில் தயாராக இருந்தது.

சனிக்கிழமை மறுபடி போன். "சார், மூக்குல ஒழுகுது. இருமுதுக. ஒண்ணு கழுத்த நீட்டிக்கிட்டே நிக்குது. வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க சார்."

நான் தேனியில் கூட்டத்தில் இருந்தேன். தடுப்பூசி முன்னேற்றம் பற்றிய கூட்டம். எங்கள் மருந்தகம் ஒரு டோஸ்கூட வீணாக்கவில்லை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு கிசுகிசுப்பாகச் சொன்னேன். "மீட்டிங்ல இருக்கேம்மா. நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கா சார்?" என்றாள். அந்தக் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

போனபோது ஒன்று செத்துக் கிடந்தது. நாலு படுத்திருந்தன. மூச்சு விடும்போது முனகல். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, காற்றைக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

செத்ததை அறுத்துப் பார்த்தேன். நுரையீரல் பஞ்சுபோல இருக்க வேண்டும். அது ஈரல்போலக் கருத்துக் கெட்டியாக இருந்தது. ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டேன், மூழ்கியது. வெள்ளிக்கிழமையே ஆரம்பித்த நோய். வெள்ளிக்கிழமையே மருந்து ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது.

வாசலில் ஊர் கூடி நின்றது. எல்லார் கண்ணும் என்மேல். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று போன அத்தியாயங்களிலேயே பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஏதோ நேர்மையான மனிதனுக்கு அடையாளம்போல. பயம் வந்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். அன்று வந்தது பயம்.

"யாரும்மா தண்ணி ஊத்தச் சொன்னது?" என்று கத்தினேன். "ரெண்டு நாள் லாரில வந்த கன்னுக்கு, மார்கழிப் பனியில குடம் குடமா தண்ணி ஊத்தி வச்சிருக்க. அரிசியப் பொங்கித் திணிச்சிருக்க. சாகாம என்ன செய்யும்?"

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். நீங்களும் அங்கேதானே நின்றீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கையைப் பார்த்தாள். குடம் தூக்கிய கையை.

"தெரியாமச் செஞ்சுட்டேன் சார்" என்றாள்.

சண்டாளப் பயல் நான், "அது வேற, இது வேறம்மா" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீரும் பொங்கலும் கெடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லாரியிலேயே பாதி உயிர் போய் வந்த கன்றுகள் அவை. மிச்சத்தைக் காப்பாற்ற இரண்டு நாள் அவகாசம் இருந்தது. அந்த இரண்டு நாளைத் தின்றவன் நான்.

மருந்து ஆரம்பித்தேன். காலையும் மாலையும் போனேன். இல்லாத மருந்தைக் கம்பத்தில் என் சொந்தக் காசில் வாங்கிப் போட்டேன். குற்றமுள்ள நெஞ்சு எப்படி ஓடும் என்று அந்த வாரம் பார்த்தேன். ஊரே மெச்சியது. "டாக்டரு தங்கமான மனுசன், சோறு தண்ணி இல்லாம ஓடி வர்றாக" என்றது. அடுத்த வியாழனுக்குள் மேலும் நாலு போய்விட்டது. படுத்திருந்த நாலும்தான்.

அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில் நீண்ட பயணக் களைப்பு, குளிர்ந்த நீர், திடீர்த் தீவன மாற்றம் என்று காரணம் எழுதினேன். ஒவ்வொன்றும் உண்மை. எழுதாமல் விட்டதும் உண்மை.

ஐந்தாவது கன்றைப் புதைத்துவிட்டு வந்த மொக்கராசு, மண்வெட்டியை வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒங்கை ராசியில்லாத கைடி."

பொல்லாத மனிதர் இல்லை அவர். திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன அப்பிராணி. வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை. நானும் அங்கேதான் நின்றேன். ஊசிக் குப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மிஞ்சிய ஏழு

செத்தது ஐந்து. மிஞ்சியது ஏழு. செத்ததை மட்டும் எண்ணுவது மனிதர்களின் பழக்கம். கன்று வளர்ப்பில் மிஞ்சியதுதான் மெல்லக் கொல்லும்.

அந்த ஏழில் இரண்டு தேறின. மற்ற ஐந்தும் தின்றன, குடித்தன, வளரவில்லை. நுரையீரலில் ஒரு பகுதி தழும்பாகிவிட்டால் பிறகு கன்று தின்பதெல்லாம் மூச்சு விடுவதற்கே சரியாகப் போகும். விலா எலும்பு எண்ணலாம்போல இருக்கும். வயிறு மட்டும் பானை. மயிர் வெளுத்துச் சிலிர்த்து நிற்கும். நாலு எட்டு வேகமாக நடந்தால் இருமும். ஈஸ்வரி தவிட்டைக் கூட்டினாள், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள், தன் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் லாரியிலிருந்து இறங்கிய அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

கேரளத்து வியாபாரி வர்கீஸ் வந்து பார்த்தார். முதுகுத்தண்டில் கையை வைத்து அழுத்தினார். விலாவில் விரலை ஓட்டினார். கன்று இருமியது. அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "சாரே, இது இனி வளரில்லா."

ஈஸ்வரிக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் தோட்டத்துக்குப் போனவள். "ஓட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழும் மினி வேனில் ஏறின. அன்றைக்கு இறங்க மாட்டேன் என்று நின்றவை இன்று ஏற மாட்டேன் என்று நின்றன. பின்னங்காலில் அடித்து ஏற்றினார்கள்.

மறு வாரம் அவள் ஜீப்பில் ஏறினாள். எனக்கு முத்தையா சொன்னார், என் மருந்தகத்து உதவியாளர். "நம்ம ஈஸ்வரி மறுபடி ஏலத்துக்குப் போகுதாம் சார்." நான் ஏதோ பதிவேட்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

போன மாதம்

ஓய்வு பெற்று மயிலாடும்பாறைக்குச் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தத் தொடரை எழுத ஆரம்பித்த பிறகு எந்த அத்தியாயத்தை எழுதினாலும் நடுவில் அந்தப் பன்னிரண்டு கன்றுகளும் வந்து நின்றுகொண்டன. அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது அயோக்கியத்தனம் என்று பட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன்.

கொட்டகை இல்லை. அந்த இடத்தில் விறகு அடுக்கியிருந்தது. ஈஸ்வரி வாசலில் உட்கார்ந்து, தோட்டத்தில் அட்டை கடிக்காமல் காலில் தடவிக்கொள்ளப் புகையிலையையும் உப்பையும் சேர்த்துத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. இடது தோள் இன்னும் இறங்கித்தான் இருந்தது. மொக்கராசு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"அடடே, டாக்டரு! எம்புட்டு நாளாச்சு! ஒக்காருங்க சார், காப்பி போடுறேன்" என்றாள் ஈஸ்வரி.

"காப்பி இருக்கட்டும். ஒரு விசயம் சொல்ல வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சமிருந்த குப்பி, போட்டிருக்கக்கூடாத ஊசி, போனில் நான் சொன்ன ஊசிக் காய்ச்சல், தேனிக் கூட்டம், பாராட்டு. தண்ணீர் ஊற்றியபோது நானும் பக்கத்தில் நின்று பொங்கல் தின்றது. ஊர் முன்னால் அவள்மேல் பழியைப் போட்டது. ஒன்றையும் விடவில்லை.

அவள் முடிச்சைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் கொல்லலையா சார்?"

"இல்லம்மா."

"தண்ணி ஊத்துனதுனால இல்லையா?"

"அதுனால மட்டும் சாகாது. நான் வெள்ளிக்கெழமையே வந்திருந்தா பொழைச்சிருக்கும்."

புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீகளா?" மொக்கராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது என்று வையுங்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மகளிர் குழுவுல ரெண்டு தடவ கறவ மாடு குடுத்தாக சார். வேணாம்னுட்டேன். ஒரு கோழிக்குஞ்சு வாங்கல. எங்கை பட்டா செத்துரும்னு."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தங்கச்சி மக புள்ள பெத்தா. ஆஸ்பத்திரியில வச்சு, சேனைத்தண்ணி நீதான் பெரியம்மா வைக்கணும்னு கூப்பிட்டா. பொறந்த புள்ள நாக்குல மொத மொதலு வைக்கிற இனிப்பு சார் அது. சங்குல எடுத்துக் குடுத்தாக. நான் மாட்டேன்னுட்டேன். ஆத்தா, எங்கை வேணாம், வேற நல்ல கையாப் பாருங்கன்னுட்டு வெளிய வந்து நின்னுக்கிட்டேன். அவ இன்னைக்கி வரைக்கும் என்கிட்ட முகங்குடுத்துப் பேசல. எம்புள்ளைக்கு வைக்க ஒனக்கு மனசில்லைன்னு நெனச்சுக்கிட்டா."

வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்க ஏலக்காய்க் கறை.

"மன்னிச்சிரும்மா" என்றேன். இத்தனை வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை, வெளியே வந்தபோது ஒன்றுக்கும் உதவாததாக இருந்தது.

அவள் புகையிலை முடிச்சை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்கிய தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது புள்ளைக்கு மாசமா இருக்கா சார் அவ" என்றாள். "நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. பத்திரிகையில அப்புறமா எழுதிக்கங்க. மொதல்ல அவகிட்ட வந்து சொல்லுங்க."

"வர்றேம்மா. நாளைக்கே வர்றேன்."

"நாளைக்கு நான் எங்க சார் இருப்பேன்? வெள்ளன அஞ்சு மணிக்கு ஜீப்பு" என்றாள். "எந்திரிங்க. இப்பவே போவோம்."